பூவம்மாவின் முழங்கையும் அண்ணன் கொடுத்த ராக்கெட்டும்

பூவம்மா ஓட்டும் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. பிரேக் போட்டதே தெரியாது. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உயரம், ஐம்பத்தொரு வயது, பதினான்கு வருடமாக பஸ் கேப்டன். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அத்தனை பெரிய வண்டியைத் தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல வளைவில் திருப்புவாள். அவள் என்றுதான் எழுதுகிறேன். குவீன்ஸ்டவுனில் ஒரே அடுக்குமாடிப் புளோக்கில் வளர்ந்தவர்கள் நாங்கள்; அவளுடைய அண்ணன் துரைசாமி என்னோடு படித்தவன். மரியாதை குறைவு என்று அவள் நினைக்கமாட்டாள். நினைத்தால் நேரில் வந்து சண்டை போடட்டும், எனக்கும் பொழுது போகும்.

என் பெயர் நூர்தீன். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் பூப்பந்து ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டுகிறேன். கடையை நானும் என் மனைவி ஆமினா பீவியும் பார்த்துக்கொள்கிறோம். நரம்பு கட்டுகிறவனிடம் ஒருவர் பேடல் ராக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினால் எப்படி இருக்கும்? அதில் நரம்பே கிடையாது. இரண்டு விரல் தடிமனுக்கு ரப்பர் நுரை, இரண்டு பக்கமும் கார்பன் தகடு, அதில் வரிசையாகத் துளைகள். இடியாப்பத் தட்டுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி. முதன்முதலில் அதைக் கொண்டுவந்தவரிடம், "சமையல் சாமான் விக்கிற கடை எதிர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பிறகு கைப்பிடிக்குத் துணி சுற்றவாவது ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிழைப்பு என்று வந்தால் ரோஷம் பார்க்க முடியுமா?

ஆட்டம் என்னவோ சுலபம்தான். இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர், நடுவில் வலை, பின்னாலும் பக்கத்திலும் கண்ணாடிச் சுவர். பந்து தரையில் ஒருமுறை குத்தி, கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் அடிக்கலாம். இதில்தான் சூட்சுமம். வெறிபிடித்தாற்போல ஓங்கி அடித்தால் பந்து பின்கண்ணாடியில் மோதி, எதிராளி நிற்கிற இடத்துக்கே "இந்தா" என்று வந்து நிற்கும். அடித்தவனுக்குக் கைதான் வலிக்கும்.

பூவம்மா இந்த ஆட்டத்துக்குள் வந்தது தற்செயல். அவள் புளோக்குக்குப் பக்கத்துக் கார்பார்க்கின் மொட்டைமாடியில் போன வருடம் இரண்டு பேடல் திடல்கள் வந்தன. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவளைப் பார்த்து, டிப்போவில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, "நாலாவது ஆள் வரல, பத்து நிமிஷம் நில்லுலா" என்று இழுத்துவிட்டாள். சீருடைக் கால்சட்டையோடு, வாடகை ராக்கெட்டோடு நின்றாள். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. நான் அன்று கைப்பிடித் துணி விற்க அங்கே போயிருந்தேன், பார்த்தேன். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் பின்னால் போகிற பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிக் கண்ணாடியில் முட்டிக்கொள்வார்கள். பூவம்மா ஓடவில்லை. ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தாள், பந்து எங்கே திரும்பும் என்று கணக்குப் போட்டாள், அங்கே போய் நின்றாள். பதினான்கு வருடமாக மூன்று கண்ணாடிகளைப் பார்த்துப் பேருந்தைப் பின்னால் எடுத்தவளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா.

அவள் அடி பலமான அடி இல்லை. தூக்கிப் போடுவாள். எதிராளியின் தலைக்கு மேல், எட்டாத உயரத்தில், மெதுவாக. அவர்கள் பின்னால் ஓடியதும் வலைக்குப் போய்விடுவாள். அதற்கு ஏற்றது வட்டத் தலை ராக்கெட்தான். அந்த வாடகை ராக்கெட், மூலையெல்லாம் தேய்ந்து பெயின்ட் உதிர்ந்துபோனது, அவள் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. நானே சொன்னேன், இதே மாதிரி ஒன்று வாங்கிக்கொள் என்று. வாங்குவதற்குள் துரைசாமி வந்துவிட்டான்.

அண்ணன் தங்கை கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் துரைசாமியின் மகள் ரக்ஷனாவுக்குக் கல்யாணம். சொந்த அத்தை என்றால், அண்ணனும் அண்ணியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு பத்திரிகையை வைத்து வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டும். துரைசாமி அப்போது ஜூரோங்கில் ஷிப்யார்டில் இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்திரிகையைப் படமெடுத்துப் போட்டு, 'அனைவரும் வருக' என்று எழுதி, கைகூப்பும் படம் இரண்டைச் சேர்த்து அனுப்பிவிட்டான். அனைவரில் ஒருத்தியாகப் போகப் பூவம்மாவுக்கு மனமில்லை. போகவில்லை. அத்தை செய்ய வேண்டிய முறையை மண்டபத்தில் வேறு யாரோ செய்தார்கள். அவள் வராதது அவனுக்கு அவமானம், அவன் வந்து அழைக்காதது அவளுக்கு அவமானம். குவீன்ஸ்டவுனிலிருந்து ஜூரோங்குக்கு ரயிலில் அரை மணி நேரம். அதைக் கடக்க இரண்டு பேருக்கும் ஒன்பது வருடம் போதவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். இரண்டு பேரையும் தனித்தனியாகத் திட்டியும் பார்த்தேன், இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்யார்ட் ஆட்கள் சிலர் அந்த மொட்டைமாடிக்கு ஆட வந்தார்கள். துரைசாமி அவர்களில் ஒருவன். ஆறடி ஆள், ஐம்பத்தெட்டு வயதிலும் தோள் அகலம் குறையவில்லை. யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுப் போட்டதில் வலைக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் விட்டுப் போனால் தோற்றதாகிவிடுமே, அதனால் இருவருமே போகவில்லை. முதல் பந்தைப் பூவம்மா மூலையில் தூக்கிப் போட்டாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவுட்." அவள் சொன்ன முதல் வார்த்தை, "இல்ல."

அரை மணி நேரம் கழித்து, "நீ சின்ன வயசுலயும் இப்படித்தான் ஏமாத்துவ" என்றான் அவன். "நீங்க அப்பவும் கண்ணாடி போடாமத்தான் அம்பயர் வேலை பாத்தீங்க" என்றாள் அவள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த மாதம் இருவரும் ஒரே பக்கம் ஆடினார்கள். அவன் இடது பக்கம் நின்று அடிப்பான், அவள் வலது பக்கம் நின்று காப்பாற்றுவாள். ஆனால் கல்யாணத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. அது ஒரு புண்ணாகவே அப்படியே கிடந்தது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் துரைசாமி மனைவியோடு பூவம்மா வீட்டுக்கு வந்தான். கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகை, நடுவில் பட்டுத்துணியால் மூடிய ஒரு பேடல் ராக்கெட். ஒன்பது வருடத்துக்கு முன் கொண்டு வந்திருக்க வேண்டிய தட்டை இப்போது கொண்டு வந்தான். பூவம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். சாமி மாடத்தில் வைத்து, கைப்பிடிக்கு மேலே கழுத்துப் பகுதியில் குங்குமப் பொட்டு ஒன்று வைத்தாள்.

மறுநாள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது எனக்குப் பகீரென்றது. தலை வைர வடிவம். விலையுயர்ந்த ராக்கெட், அதில் சந்தேகமில்லை. கடைக்காரன், "அங்கிள், இதான் ஃபுல் பவர்" என்று சொல்லியிருக்கிறான். துரைசாமி தனக்கொன்றும் தங்கைக்கொன்றுமாக ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிட்டான். தங்கைக்குக் கம்மியாகக் கொடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

அதை என் விரல்மேல் கிடத்திப் பார்த்தேன். வட்டத் தலை ராக்கெட் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே சமமாக நிற்கும். இது தலைப் பக்கம் கவிழ்ந்து விழுந்தது. எடை அத்தனையும் உச்சியில். சரியான தலைக்கனம் பிடித்த ராக்கெட். அதனால்தான் உயரமான ஆள் மேலிருந்து ஓங்கி இறக்கும்போது சுத்தியல் மாதிரி இறங்குகிறது. உள்ளே இருக்கிற நுரையும் கெட்டி. பந்து அதில் அமுங்கி நிற்பதில்லை, பட்டதும் தெறிக்கிறது. ஆனால் பந்து நன்றாகப் பட வேண்டிய இடம் மேலே ஏறிச் சுருங்கிவிட்டது. வட்ட ராக்கெட்டில் அந்த இடம் உள்ளங்கை அகலம் என்றால் இதில் ஒரு பிஸ்கட் அளவு. பிஸ்கட்டைத் தாண்டிப் பட்டால் ராக்கெட் கைக்குள் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை யார் தாங்குவது? முழங்கையின் வெளிப்பக்கத்துத் தசைநார் தாங்க வேண்டும். வலைக்குப் பக்கத்தில் நின்று சட்டென்று மறிக்கிற பந்துக்குத் தலை கனத்தால் ராக்கெட் அரை நொடி தாமதமாக வரும், தாமதமாக வந்தால் பந்து ஓரத்தில்தான் படும். பூவம்மா ஆடுவது முழுக்க அந்த மாதிரிப் பந்துகள். விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். இது அவள் கைக்கு மீறிய சாமான்.

"இத அண்ணன்கிட்ட குடுத்து மாத்திக்கலாம்" என்றேன்.

"தட்டுல வச்சுக் குடுத்தத திருப்பிக் குடுக்கறதா? பாய், என்ன பேசறீங்க" என்றாள்.

ராக்கெட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் முழங்கை போய்விட்டது. கோப்பிக் குவளையைத் தூக்கும்போது முகம் சுளித்தாள். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வலிக்கிறது என்றாள். மருத்துவர் மூன்று நாள் மருத்துவ விடுப்பு கொடுத்து, ஆட்டத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டிவரும் என்றார். ஆட்டத்தை நிறுத்தினால் துரைசாமி ஏன் என்று கேட்பான். வாடகை ராக்கெட்டை எடுத்தாலும் ஏன் என்று கேட்பான். "எனக்கு அது ஒத்துக்கல" என்று சொன்னால் அவன் காதில் அது எப்படி விழும்? உன் தட்டு எனக்கு வேண்டாம் என்றுதான் விழும். அவளும் அவனைத் தெரிந்தவள், நானும் தெரிந்தவன்.

அத்தோடு இன்னொன்று. ரக்ஷனா முழுகாமல் இருந்தாள். தீபாவளி முடிந்ததும் ஏழாம் மாத வளைகாப்பு. அத்தைதான் முதல் வளையல் போட வேண்டும். துரைசாமி இன்னும் அழைக்கவில்லை. பூவம்மா தானாகக் கேட்கமாட்டாள். "கூப்புட்டா போவேன் பாய். கூப்புடலன்னா, இந்தத் தடவ என்னால தாங்க முடியாது" என்று ஒருநாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

"அண்ணனுக்குத் தெரியாம ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

பண்ணினேன். கைப்பிடியின் அடியில், துணிக்கு உள்ளே, ஈயப் பட்டை இருபது கிராம் சுற்றினேன். அடியில் கனம் கூடினால் சமநிலை ஒரு விரல் அகலம் கீழே இறங்கும். தலை கனம் குறைந்தாற்போலத் தோன்றும். வெளியே ஒன்றும் தெரியாது. சுண்டு விரல் படுகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. தோன்றும் என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். தலையில் இருக்கிற எடை அங்கேயேதான் இருக்கிறது, முறுக்கும் அப்படியே. அது வைத்தியம் இல்லை, கண்கட்டு வித்தை. தெரிந்துதான் செய்தேன்.

நான்கு நாள் கழித்துத் துரைசாமி வந்தான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், அந்த வெயிலில். கதவைச் சாத்தினான். கையை மடித்துக் காட்டினான், முழங்கைக்குக் கீழே இறுக்கமான பட்டை.

"வலி தாங்கல நூரு. மேல தூக்கவே முடியல."

"அப்புறம் ஏன்டா இதுல ஆடுற?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா வாங்கினது. நான் கீழ வச்சா, உங்களுக்கே வேணாங்கறத எனக்கு ஏன் குடுத்தீங்கன்னு கேப்பா. கேக்க மாட்டா, மனசுல வச்சுக்குவா. அது இன்னும் மோசம். ஏதாச்சும் பண்ணு. அவளுக்குத் தெரியக் கூடாது."

"வளைகாப்புக்கு அவளக் கூப்புட்டியா?"

சுவரைப் பார்த்தான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கூப்புடறது? கல்யாணத்துக்கு மெசேஜ் போட்டவன் தானே நான். அவ முடியாதுன்னு சொல்லிட்டா?"

அவனுக்கும் ஈயப் பட்டை சுற்றினேன். அதே இருபது கிராம், அதே இடம். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? என் நிலையில் இருந்து பாருங்கள். இரண்டு பேரும் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சொன்னால் துரோகி, சொல்லாவிட்டால் இரண்டு முழங்கையும் போகும், ஒருத்தி வேலையும் போகும். ஆமினா பீவி எல்லாவற்றையும் ராக்கெட் உறை தைக்கிற மெஷின் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல நீங்க ஈயம் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். அவளுக்கு வாய் அதிகம், ஆனால் பொய் பேசமாட்டாள்.

அக்டோபரில் வட்டாரக் கலப்பு இரட்டையர் போட்டி. எப்படியோ இருவரும் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அந்த வாரம் இருவருமே கைப்பிடித் துணி வியர்வையில் நாறிப்போனது என்று ராக்கெட்டை என்னிடம் போட்டுவிட்டுப் போனார்கள், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ஒரே மாதிரி இரண்டு ராக்கெட், ஒரே வெள்ளைத் துணி. எனக்கு அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: குங்குமப் பொட்டு இருந்தால் பூவம்மாவுடையது, இல்லாவிட்டால் துரைசாமியுடையது. சனிக்கிழமை தீபாவளிக் கூட்டம் தெருவில் நகர முடியாமல் நின்றது. துரைசாமி வந்தபோது பொட்டில்லாததை உறையில் போட்டுக் கொடுத்தேன். பூவம்மா வந்தபோது பொட்டு வைத்ததைக் கொடுத்தேன்.

நடுவில் ஆயுதபூஜை வந்துபோனதை நான் நினைக்கவே இல்லை. ஷிப்யார்டில் கிரேன், வெல்டிங் கருவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர்கள், துரைசாமியின் ராக்கெட்டுக்கும் ஒன்று வைத்துவிட்டார்கள். பூவம்மா ஆவணியில் வைத்த பொட்டோ வியர்வையில் எப்போதோ அழிந்திருந்தது. பாயிடம் போய் ஆயுதபூஜைக் கணக்குக் கேட்டால் இப்படித்தான். விரல்மேல் ஒருமுறை கிடத்திப் பார்த்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, இரண்டிலும் ஒரே எடையை நான்தானே ஒட்டினேன். பூவம்மாவின் கைக்கு ஒரு சுற்றுத் துணி, துரைசாமியின் பெரிய கைக்கு மூன்று சுற்று; நாறிய மேல்சுற்றை மட்டுமே மாற்றியதால் அந்தத் தடிமன் அப்படியே இருந்தது. அந்த வித்தியாசத்தையாவது நான் பிடித்திருக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும். நான் யானைகூட இல்லை.

ஞாயிறு காலை பத்து மணி. எதிர்ப்பக்கம் அர்ஜுனும் முஸ்கானும், ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிற இளசுகள், இருவரும் சேர்ந்து துரைசாமி வயதுகூட வராது. நான் திடலின் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கியதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பூவம்மா கைப்பிடியைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பிடித்தாள். துரைசாமி ஓங்கிய முதல் பந்தில் ராக்கெட் அவன் கைக்குள் வழுக்கியது. மூன்று ஆட்டம் கழிந்து பக்கம் மாறும்போது என் பெஞ்சுக்கு முன்னால் வந்து தண்ணீர் குடித்தார்கள். மூன்றும் தோல்வி.

பூவம்மா ராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பொட்டு நான் வச்சதில்லையே."

துரைசாமி எட்டிப் பார்த்தான். "அது என்னோடது. யார்டுல வச்சாங்க." தன் கையில் இருந்ததைப் பார்த்தான். "அப்ப இது உன்னோடது. அதான் கைக்கு மெல்லிசா இருக்கு."

மாற்றிக்கொள்ளக் கை நீட்டினார்கள். நீட்டிய கை பாதியில் நின்றது. பூவம்மாவின் சுண்டு விரல் அந்த மேட்டின் மேல் இருந்தது. மூன்று ஆட்டம் அந்த மேடு அவளுக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் தன் ராக்கெட்டில் அது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இது அண்ணனுடையது, இதிலும் அதே மேடு. துரைசாமியும் தன் விரலை மெல்ல நகர்த்தித் தடவிக்கொண்டிருந்தான். பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படிக்க ஆரம்பித்தேன்.

நடுவர், "டைம்" என்றார். யாரும் நகரவில்லை. ஒன்பது வருடமாக முதலில் யார் பேசுவது என்றுதானே இவர்களுக்குள் பிரச்சினை. இப்போதும் இருவரும் வாயை மூடிக்கொண்டு ராக்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தேன். போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

பூவம்மாதான் பேசினாள். "அண்ணே, உங்களுக்கும் கை வலிக்குதா?"

துரைசாமி முழுக்கைச் சட்டையை மேலே ஏற்றிப் பட்டையைக் காட்டினான். "உனக்கு?"

"ஒரு மாசமா. ஸ்டீயரிங் திருப்ப முடியல."

"ஏன் சொல்லல?"

"நீங்க தட்டுல வச்சுக் குடுத்தீங்க."

அவன் ராக்கெட்டைத் தாழ்த்தினான். "தட்டுல வச்சுக் குடுத்தா கை ஒடஞ்சாலும் அடிப்பியா?"

"நீங்க மட்டும்?"

இருவரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். துரைசாமி சிரிக்கவில்லை. கண்களைச் சட்டைக் கையால் துடைத்தான். பூவம்மா அவன் கையிலிருந்ததையும் தன்னுடையதையும் வாங்கி, பெஞ்சில் என் பக்கத்தில் வைத்தாள். "பாய், இதப் பாத்துக்கங்க" என்றாள். பிறகு எனக்கும் கொஞ்சம் திட்டு உண்டு என்று அந்தக் குரலிலேயே புரிந்தது. பிறகு வாடகை ராக்கெட்டுகள் மாட்டியிருந்த கொக்கிக்குப் போய், தேய்ந்துபோன வட்டத் தலை ராக்கெட் இரண்டை எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் ஆடியதைச் சொல்ல வேண்டும். முதல் செட் போய்விட்டது, அதில் வியப்பில்லை. இரண்டாவது செட்டில் பூவம்மா தூக்கிப் போடத் தொடங்கினாள். ஓங்கி அடிக்க வழியில்லாத துரைசாமி, வாழ்க்கையில் முதல்முறையாக, பொறுமையாக ஆடினான். பந்தைத் தள்ளினான், காலடியில் போட்டான், தங்கைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தான். அர்ஜுன் ஓங்கி அடித்த பந்தெல்லாம் பின்கண்ணாடியில் மோதித் திரும்ப, அங்கே பூவம்மா முன்னாடியே போய் நின்றிருந்தாள். மெல்லிய ராக்கெட், மெல்லிய அடி, ஆனால் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது. இரண்டாவது செட் ஆறுக்கு நான்கு. கடைசியில் முடிவைத் தீர்மானிக்கும் பத்துப் புள்ளி ஆட்டத்தில் எட்டுக்குப் பத்து என்று தோற்றார்கள். முஸ்கான் கடைசிப் பந்தை வலை உச்சியில் பட வைத்து இந்தப் பக்கம் விழ வைத்தாள். அதிர்ஷ்டம் என்பேன், திறமை என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கை குலுக்கி முடித்து இருவரும் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள், எனக்கு இரண்டு பக்கமும். நான் எழுந்து போகப் பார்த்தேன், துரைசாமி என் தொடையில் கை வைத்து அழுத்திவிட்டான். வியர்வை சொட்டச் சொட்ட, ஒரு துண்டுகூட இல்லாமல், என் தலைக்கு மேலாகவே தங்கையிடம் பேசினான்.

"அன்னைக்கி நான் நேர்ல வந்திருக்கணும். ஷிப்ட் இருந்துச்சு, அது இருந்துச்சு, இது இருந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வந்திருக்கணும்."

பூவம்மா தரையைப் பார்த்தாள். "நானும் வராம இருந்திருக்கக் கூடாது. அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? என்னைத்தான தேடியிருக்கும்."

"தேடுச்சு."

கீழே சாலையில் ஒரு பேருந்து நின்று கிளம்பிற்று. துரைசாமி தொண்டையைச் செருமினான். "வளைகாப்பு வச்சிருக்கோம். அடுத்த மாசம் மொத ஞாயிறு. தட்டோட வீட்டுக்கு வந்துதான் கூப்புடணும், எனக்குத் தெரியும், அண்ணியும் வரணும். ஆனா இப்பவே" என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

பூவம்மா தலை நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன, அவள் அதைத் துடைக்கவில்லை.

"எத்தன மணிக்கு வரணும், அண்ணே?"

துரைசாமி என் தொடையிலிருந்து கையை எடுத்து அவள் தலையில் வைத்தான்.

"நீ வர்ற நேரந்தான் நல்ல நேரம்" என்றான்.